ஸ்பின் செத்துப்போன டிஎன்ஏ இழைகள்: மாற்று கோரிப் புகார்

அனுப்புநர்:
இபிஆர் (எலக்ட்ரான் பாராகாந்த ஒத்ததிர்வு) ஆய்வுக் குழு, உயிர் இயற்பியல் துறை

பெறுநர்:
மேலாளர், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு

பொருள்: டெம்போ ஸ்பின் லேபிள் (நைட்ராக்சைடு; அதன் இணையில்லா எலக்ட்ரானே ஸ்பின்) இட்ட 20 நியூக்ளியோடைடு நீள இழைகளில் குறைபாடு – மாற்று இழைகள் கோருதல் தொடர்பாக.

ஐயா,

தாங்கள் அனுப்பிய இரண்டு நிரப்பு இழைகளிலும் ஒரு தைமினில் ஒரு டெம்போ இருக்க வேண்டும். லேபிள் இருக்கிறது, அதில் பாதிக்கு மேல் ஸ்பின் இல்லை. இழைகளைச் சேர்த்து 100 மைக்ரோமோலார் இரட்டைச்சுருள் கரைசல் தயாரித்தோம். 260 நானோமீட்டர் உட்கவர்தலைக் கொண்டு செறிவைச் சரிபார்த்தோம். அதே தந்துகிக் குழாய், அதே 2 மில்லிவாட் திறன் என வைத்து செறிவு தெரிந்த டெம்போல் கரைசலோடு இபிஆர் நிறமாலையின் இரட்டைத் தொகையீட்டை (ஸ்பின் அளவைத் தருவது) ஒப்பிட்டால், 200 மைக்ரோமோலார் ஸ்பின் வர வேண்டிய இடத்தில் 80தான் வருகிறது.

40 விழுக்காடு மிஞ்சியிருக்கிறதே என்று விட்டுவிடக்கூடிய குறை அல்ல இது. இரண்டு ஸ்பின்களுக்கு இடையிலான தூரத்தை அளக்கும் டீர் சோதனையில் இரண்டு லேபிள்களிலும் ஸ்பின் உயிரோடு இருக்கும் மூலக்கூறுதான் தூரத்தைச் சொல்லும். இழைக்கு 40 என்றால் இரண்டும் உள்ளவை 16 விழுக்காடுதான். ஒற்றை ஸ்பின் மட்டும் உள்ள 48 விழுக்காடு வெறும் பின்னணியாகச் சேர்கிறது. பண்பேற்ற ஆழம் (இணை ஸ்பின்கள் தரும் சைகையின் அளவு) இறங்கி, சுருளின் வளைவைக் காட்டும் தூரப் பரவல் இரைச்சலில் மூழ்கிவிடுகிறது.

எங்கள் கையாளுதலில் பிழை இல்லை. தாங்கல் கரைசலில் நைட்ராக்சைடை ஒடுக்கும் டிடிடி, டிசெப், அஸ்கார்பேட் எதுவும் கிடையாது. குப்பியிலிருந்து எடுத்துச் சூடாக்காமல் நேரே கரைத்த இழையும் அதே அளவையே காட்டியது. கூர்மையான மூன்று கோடுகள் தெரியவில்லை. ஒட்டாத லேபிளை நன்றாகவே நீக்கியிருக்கிறீர்கள்.

கோளாறு தொகுப்பில்தான். திண்மத் தாங்கியில் ஒவ்வொரு சுற்றிலும் வரும் அயோடின் ஆக்சிஜனேற்றமும் ட்ரைகுளோரோஅசிட்டிக் அமிலமும் நைட்ராக்சைடைக் கெடுக்கின்றன. ஹைட்ராக்சிலமீனாக மட்டும் மாறியிருந்தால் காற்று பட்டதும் ஓரளவாவது மீண்டிருக்கும். இரவு முழுக்கத் திறந்து வைத்தும் ஏறவில்லை. தங்கள் நிறை நிறமாலையிலேயே முதன்மை உச்சத்துக்கு 15 டால்டன் கீழே ஒரு தோள் தெரிகிறது. அது ஆக்சிஜன் போய் அமீனான லேபிள். சான்றிதழில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கலவையைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சியில் ஒரே உச்சம் என்பதும் போதாது, இவ்வளவு நீள இழையில் நல்ல லேபிள் உள்ளதும் கெட்ட லேபிள் உள்ளதும் பெரும்பாலும் சேர்ந்தே வெளிவரும்.

எனவே அயோடினுக்குப் பதில் டெர்ட்-பியூட்டைல் ஹைட்ரோபெராக்சைடு பயன்படுத்தி இரு இழைகளையும் மீண்டும் தொகுத்து, கட்டணமின்றி அனுப்பித் தர வேண்டும். நொதி கொண்டு நியூக்ளியோசைடுகளாகச் செரித்து எடுத்த எச்பிஎல்சி வரைபடமும், இழைவாரியான ஸ்பின் எண்ணிக்கையும் உடன் வர வேண்டும். 90 விழுக்காட்டுக்குக் குறைந்தால் ஏற்க மாட்டோம். இவ்வழி இயலாதெனில் லேபிளிடாத பாஸ்போரோதயோயேட் (பாஸ்பேட்டில் கந்தகம் உள்ள) இழைகளைக் கொடுத்து மீதித் தொகையைத் திருப்பித் தாருங்கள். அயோடோமெத்தில் நைட்ராக்சைடை நாங்களே இணைத்துக்கொள்கிறோம். மூல நிறமாலைக் கோப்புகளை இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
இபிஆர் ஆய்வுக் குழுவினர்