ஏவாமல் திரும்பிய நாட்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொந்தமாக ராக்கெட் செய்து, அதில் தாங்களே ஏறிப் பறந்தவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சுவையாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் 'மேட்' மைக் ஹியூஸ் பற்றிய பகுதியில் ஒரு சொல் உறுத்தியது. அவர் பறக்காமல் தள்ளிப்போட்ட முயற்சிகளையெல்லாம் 'சொதப்பல்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். அந்தச் சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதம்.

கலிபோர்னியாவில் லிமோசின் கார் ஓட்டியவர் ஹியூஸ். 2017 நவம்பரில் பறப்பதாக அறிவித்தார். அரசு நிலத்தில் ஏவ அனுமதி கிடைக்கவில்லை. 2018 பிப்ரவரியில் எல்லாம் தயார், ராக்கெட்டில் ஏறியும் உட்கார்ந்தார்; இயந்திரக் கோளாறால் கிளம்பவில்லை. அப்போது இணையம் முழுக்க ஒரே கேலி. உலகம் தட்டை என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தாரா, கேட்க வேண்டுமா? நானும் சிரித்தவன்தான். 'பயந்துட்டான்' என்று ஒரு நண்பருக்குச் செய்தி அனுப்பியது இன்னும் நினைவிருக்கிறது.

அடுத்த மாதமே, மார்ச் 24 அன்று, 1,875 அடி உயரம் பறந்து, இரண்டு பாராசூட்டுகளோடு தடாலென்று இறங்கி, முதுகெலும்பில் அடிபட்டுப் பிழைத்தார். (அந்த உயரம் சுமார் 570 மீட்டர். புர்ஜ் கலீஃபா கட்டடமே 828 மீட்டர் என்பதால், பூமியின் வளைவைப் பார்க்க அது போதாது என்பது தனிக்கதை. தட்டை உலகப் பேச்செல்லாம் விளம்பரத்துக்காகத்தான் என்று அவர் இறந்தபின் அவருடைய மக்கள் தொடர்பாளரே சொன்னார்.) இறங்கியதும் செய்தியாளர்களிடம் அவர் சொன்னது என்ன தெரியுமா? பயந்து பின்வாங்கிவிட்டேன் என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது என்பதுதான். இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நான் அனுப்பிய செய்தி அவர் கண்ணில் பட்டிருக்காது, சரி. ஆனால் அதே சொல்லை ஆயிரம் பேர் எழுதியிருந்தார்கள்.

2019 ஆகஸ்டில் இன்னொரு முயற்சி, அவருடைய நீராவி ராக்கெட்டுக்குத் தண்ணீரைச் சூடேற்றும் கருவி பழுதானதால் நின்றது. மறுபடியும் கேலி. 2020 பிப்ரவரி 22 அன்று பார்ஸ்டோ நகருக்கு அருகே பாலைவனத்தில் ராக்கெட் கிளம்பிய கணத்திலேயே பாராசூட் பிய்த்துக்கொண்டு போனது; ராக்கெட்டோடு விழுந்து இறந்தார். இளங்கன்று பயமறியாது என்பார்கள். அன்று அவருக்கு வயது 64.

ஒத்திவைப்பை நான் இவ்வளவு பெரிதாகப் பேசுவதற்குக் காரணம் அந்த ராக்கெட்டின் அமைப்பு. அது நீராவி ராக்கெட். மூடிய கலத்தில் தண்ணீரைப் பல மடங்கு அழுத்தத்தில், கொதிநிலைக்கு மேல் சூடேற்றுவார்கள். அழுத்தம் இருக்கும்வரை அது தண்ணீராகவே கிடக்கும். அடியில் வாயைத் திறந்தால் ஒரே மூச்சில் ஆவியாகிப் பீய்ச்சும். சில விநாடிகளில் எல்லாம் தீர்ந்துவிடும். செலவு குறைவு, நெருப்பும் இல்லை. ஆனால் திறந்தபின் வேகத்தைக் குறைக்கவோ நிறுத்தவோ வழியில்லை. உள்ளே இருப்பவர் கையில் மிஞ்சுவது பாராசூட் ஒன்றுதான். ஆகவே அவர் யோசித்து முடிவெடுக்கக்கூடிய நேரம் முழுவதும் தரையில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் சுற்றி நிற்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பது சின்ன விஷயமா?

மோட்டார் சைக்கிள் சாகசக்காரர் ஈவல் நீவலின் கதையையும் கட்டுரை சொன்னது, ஆனால் கொஞ்சம் அவசரமாக. 1974 செப்டம்பர் 8, அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஸ்னேக் ஆற்றுப் பள்ளத்தாக்கை அவர் ராக்கெட்டில் தாண்ட வேண்டும். ராபர்ட் ட்ரூவாக்ஸ் வடிவமைத்த நீராவி ராக்கெட். ஆளில்லாமல் ஏவிப் பார்த்த சோதனைகளில் எதுவும் மறுகரையைத் தொடவில்லை. அப்படியிருந்தும் நாள் குறித்தாயிற்று, திரையரங்குகளில் நேரடியாகக் காட்ட டிக்கெட்டும் விற்றாயிற்று. இனி யார் 'இன்று வேண்டாம்' என்று சொல்வது? ஏவுமேடையை விடும்போதே பாராசூட் விரிந்தது. காற்று அவரைக் கிளம்பிய பக்கமே தள்ளி, பள்ளத்தாக்கின் அடியில் இறக்கியது. ஆற்றுக்குள் விழுந்திருந்தால் பட்டைகளால் கட்டுண்டு கிடந்தவர் மூழ்கியிருப்பார். தப்பியது அதிர்ஷ்டம். நாற்பத்தைந்து ஆண்டு கழித்து ஹியூஸுக்கும் அதே இடத்தில்தான், பாராசூட்டில்தான், கோளாறு வந்தது. நடுவே 2016-ல் ட்ரூவாக்ஸின் மகன் ஸ்காட், தந்தையின் வடிவமைப்பிலேயே ஒரு ராக்கெட் கட்ட, ஹாலிவுட் சண்டைக் கலைஞர் எடி பிரவுன் அதில் ஏறி அந்தப் பள்ளத்தாக்கைத் தாண்டிக் காட்டினார்.

'இப்படி நாலு பேர் உயிரைப் பணயம் வைக்காவிட்டால் விஞ்ஞானம் எப்படி வளரும்?' என்று கட்டுரையாளர் கேட்கிறார். ஜான் ஸ்டாப் என்ற அமெரிக்க விமானப்படை மருத்துவரைச் சொல்லலாம். மனித உடம்பு எவ்வளவு விசையைத் தாங்கும் என்று பார்க்க, 1954 டிசம்பர் 10 அன்று ராக்கெட் பூட்டிய சறுக்குவண்டியில் அமர்ந்து மணிக்கு 1,000 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் போய், ஒன்றரை விநாடிக்குள் நின்றவர். புவியீர்ப்பைப் போல 46 மடங்கு விசை உடம்பில் இறங்கியது. கண்ணில் ரத்தம் கட்டிக் கொஞ்ச நேரம் பார்வையே இல்லை. ஹியூஸ் செய்ததைவிட இது குறைந்த ஆபத்தா என்ன? ஆனால் முதலில் பொம்மைகளை உட்கார வைத்து ஓட்டினார்கள். அப்புறம்தான் அவர் ஏறினார், அதுவும் குறைந்த வேகத்தில். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் உடம்பைச் சோதித்து, ஏழு ஆண்டுகள் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போனார். காரில் சீட் பெல்ட் வேண்டும் என்று பின்னாளில் அவர் வாதாடியபோது கையில் கணக்கு இருந்தது. 89 வயது வரை வாழ்ந்தார்.

தமிழில் துணிவு என்பதற்குத் தைரியம் என்று மட்டும் பொருள் இல்லை. தீர ஆராய்ந்து எடுத்த முடிவு என்றும் பொருள் உண்டு. ஸ்டாப்பிடம் இரண்டும் இருந்தன. நீவலிடம் முதலாவது ஏராளம். ஹியூஸ்? இங்கேதான் எனக்குக் கட்டுரையோடு பெரிய சண்டை. கருவி சரியில்லை என்றதும் கூட்டத்தின் முன் வெறுங்கையோடு திரும்பிய அந்த நாட்களில் அவரிடம் இரண்டாவதும் இருந்தது. அதைத்தான் நாம் சொதப்பல் என்கிறோம்.

பொழுதுபோக்காகச் சிறு ராக்கெட் விடுபவர்களிடம் இந்தக் குழப்பம் இல்லை. ஸ்புட்னிக் பறந்த 1957-ல் அமெரிக்கச் சிறுவர்கள் வீட்டு நிலவறையில் வெடிமருந்து கலந்து விரல்களை இழந்தபோதுதான், ஜி. ஹாரி ஸ்டைன் போன்றவர்கள் மாதிரி ராக்கெட்டுக்கு விதிமுறை எழுதினார்கள். அதில் ஒன்று: பொத்தானை அழுத்தியும் ராக்கெட் கிளம்பவில்லையா, ஏவும் கருவியின் பாதுகாப்புச் சாவியை எடுத்துவிட்டு 60 விநாடி காத்திரு, அதுவரை யாரும் பக்கத்தில் போகக் கூடாது. பத்து வயதுப் பிள்ளையும் இதைச் செய்கிறது, யாரும் கேலி பேசுவதில்லை. டென்மார்க்கின் கோபன்ஹேகன் சப்ஆர்பிட்டல்ஸ் குழுவினர் மனிதனை ஏற்றும் கனவோடு 2008-ல் தொடங்கிய தன்னார்வலர்கள். 2018-ல் அவர்களுடைய நெக்ஸோ 2 ராக்கெட் பால்டிக் கடலிலிருந்து பறந்து பாராசூட்டில் பத்திரமாக இறங்கியது. உள்ளே ஆள் இல்லை. பத்து ஆண்டு உழைத்தும் ஆளை ஏற்றவில்லையே என்று அவர்களைக் கோழை என்பீர்களா?

நான் கேட்பது சின்ன விஷயம்தான். அடுத்த இதழில் இடமிருந்தால், 2018 பிப்ரவரியிலும் 2019 ஆகஸ்டிலும் ஹியூஸ் ஏன் பறக்கவில்லை என்ற காரணத்தை ஒரு திருத்தக் குறிப்பாகப் போடுங்கள். 'சொதப்பல்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'ஒத்திவைப்பு' என்று போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்