'யாருக்கும் தெரியாது' என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு இணையத்தை வெளியே இருக்கும் ஒரு சர்வர் வழியாகத் திருப்பிவிட்டால் நாம் என்ன பார்க்கிறோம் என்பது யாருக்கும் தெரியாது என்று உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்திருந்தது. திருப்பிவிடுவது நல்ல காரியம்தான், நானும் மூன்று வருடமாக அப்படித்தான் வைத்திருக்கிறேன். அந்த 'யாருக்கும்' என்ற சொல்தான் தப்பு.

சாதாரணமாக நாம் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது இணைப்பு கொடுக்கும் நிறுவனத்துக்குத் தெரியும். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் உள்ளே என்ன படித்தோம் என்பது மறையும், தளத்தின் பெயர் பெரும்பாலும் மறையாது. ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, ரவுட்டரில் வயர்கார்டு (அந்த சர்வர் வரைக்கும் எல்லாவற்றையும் பூட்டி அனுப்பும் மென்பொருள்) போட்டு எல்லாவற்றையும் அதற்குள் விட்டால், அந்த நிறுவனத்துக்குத் தெரிவது ஒரே ஒரு ஐபி முகவரியும் (இணையத்தில் அந்த சர்வரின் எண்) எவ்வளவு டேட்டா போய்வருகிறது என்பதும்தான். 2020-இல் வயர்கார்டு லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டதால் அமைப்பதும் பெரிய பாடு இல்லை.

சரி, இணைப்பு கொடுப்பவர் இதுவரை பார்த்ததை இனி சர்வரை வாடகைக்கு விடுபவர் பார்க்கலாம். இதே வேலையைப் பலருக்கும் செய்துகொடுக்கும் வீபிஎன் சேவைகளில் பெரும்பாலும் ஒரே ஐபியைப் பலர் பகிர்ந்துகொள்வார்கள், ஆனால் சொந்தமாக எடுத்த சர்வரில் நம் வீடு மட்டும்தான், அதுவும் நம் பெயரில் பணம் கட்டி எடுத்த ஐபி, மாறாமல் அப்படியே இருக்கும், போகிற தளமெல்லாம் அதை வைத்தே நம்மை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

இதைவிட எனக்குக் கவலை தருவது கசிவு. முதல் நான்கு மாதம் எல்லாம் உள்ளேதான் போகிறது என்று நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் ஐபி காட்டும் பக்கம் ஒன்றைத் திறந்தால், மேல் வரியில் சர்வரின் முகவரி, சரியாக இருக்கிறது, அடுத்த வரியில் ஐபிவி6 (புது வகை ஐபி முகவரி) என்று போட்டு என் வீட்டு இணைப்பின் முகவரி அப்படியே நிற்கிறது! எந்தெந்த முகவரிக்குப் போவது வயர்கார்டுக்குள் போக வேண்டும் என்று சொல்லும் செட்டிங்கில் 0.0.0.0/0 என்று மட்டும் எழுதியிருந்தேன், அது பழைய வகையான ஐபிவி4-க்குத்தான், கூடவே ::/0 என்றும் எழுதியிருக்க வேண்டும். அப்புறம் பார்த்தால் டிஎன்எஸ் கேள்விகளும் (ஒரு தளத்தின் பெயருக்கு ஐபி முகவரி என்ன என்று கேட்பவை) இணைப்பு கொடுக்கும் நிறுவனத்தின் சர்வருக்கே போய்க்கொண்டிருந்தன, அதாவது நான் தேடிய தளங்களின் பெயர்களை நானே அவர்களிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போய் வந்து, ரவுட்டரில் வயர்கார்டு எழும்பாமல் போனாலும் இதே கதைதான், எல்லாம் நேர்வழியில் வெளியே போய்விடும், ஃபயர்வாலில் அதைத் தடுத்து வைக்க வேண்டும்.

விளம்பரக்காரர் தொல்லைக்காக இதைச் செய்கிறவருக்கு இந்தக் கசிவு பெரிதில்லை. ஆனால் மேலிடத்து ஊழலைப் பத்திரிகைக்குச் சொல்ல நினைக்கும் ஒருவர் உங்கள் வரியை நம்பி, தன் பெயரில் எடுத்த சர்வர் வழியாக அனுப்பினால் மாட்டிக்கொள்வார். அவருக்கு வேண்டியது டோர் மாதிரி, எந்த ஒரு கணினிக்கும் முழு வழியும் தெரியாத ஏற்பாடு. அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் போடுங்கள், ஐபிவி6, டிஎன்எஸ் இரண்டையும் சோதித்துப் பார்க்கச் சொல்லி இரண்டு வரியும் சேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்