உவர்மலையிலிருந்து, ஒரு தேசிக்காய் விடயம்

உவர்மலை,
திருகோணமலை.

அன்பின் நண்பருக்கு,

நலம், நலமறிய ஆவல். உமது கடிதமும் அதனோடு வந்த படமும் கிடைத்தன. மனைவியின் பெருவிரல் மூட்டு வலியைப் பற்றிப் போன கடிதத்தில் நான் ஒரு வரிதான் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கனடாவில் உமது ஸ்காபரோக் கடைகளையெல்லாம் ஏறி இறங்கி, கைபிடியை இழுத்தால் பழம் நசியும் மின்சார ஜூஸர் ஒன்றைத் தெரிவுசெய்து, கோணேசர் திருவிழாவுக்கு வரும் உமது மருமகளிடம் கொடுத்தனுப்பவும் ஆயத்தமாகிவிட்டீர். அதை வாங்க வேண்டாம் என்று சொல்லவே இக்கடிதத்தை அவசரமாக எழுதுகிறேன். காரணம் சொல்லாமல் மறுத்தால் நீர் கோபிப்பீர் என்பதும், அந்தக் கோபத்திலேயே வாங்கி அனுப்பிவிடுவீர் என்பதும் எனக்குத் தெரியுமாதலால், காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதற் காரணத்தை, என்னோடு ஒரே வாங்கில் இருந்து விஞ்ஞானம் படித்த நீரே கண்டுபிடித்திருக்க வேண்டும். உமது வீட்டுச் சுவரில் வருவது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். எங்கள் சுவரில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கைப்பேசிச் சார்ஜரைப் போல 100 முதல் 240 வரை தாங்கும் என்று அடியில் பொறித்திருந்தால் பேச்சில்லை; நீர் அனுப்பிய படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன், 120 என்று மட்டுமே இருக்கிறது. அதை நேராக எங்கள் பிளக்கில் குத்தினால் மோட்டர் புகைந்துவிடும். மின்மாற்றி ஒன்றை இடையில் வைக்கலாம் என்பீர். அது வோல்ட்டைக் குறைக்குமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. அதிர்வெண்ணுக்கு ஏற்பச் சுழலும் வகை மோட்டராக இருந்தால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, வழமையைவிடச் சூடாகவும் ஓடும். அத்தோடு, அவ்வளவு அழகான கருவிக்குப் பக்கத்தில் செங்கல் போன்ற ஓர் இரும்புப் பெட்டியை எப்போதும் வைத்திருப்பதற்கு என் மனைவி சம்மதிக்கமாட்டார்.

ஆனால் பெரிய காரணம் பழம். உமது கருவி தோடம்பழத்துக்கும், அங்கே விற்கும் பெரிய மஞ்சள் எலுமிச்சைக்கும் அளவெடுத்துச் செய்தது. எங்கள் குசினியில் நாள்தோறும் பிழிபடுவது சிறிய பச்சைத் தேசிக்காய்: காலையில் சம்பலுக்கு ஒரு பாதி, மத்தியானம் சொதியை அடுப்பிலிருந்து இறக்கியபின் ஒன்று, மீன் கழுவ இரண்டு, வெயிலில் வந்தவர்களுக்குத் தேசிக்காய்த் தண்ணியாக இன்னும் நாலைந்து. தோடம்பழம் வாரத்தில் ஓரிரு நாள்தான். அதுவும் கிடைத்தால் பிபிலைத் தோடம்பழம். (பழுத்தபின்னும் பச்சையாகவே இருக்கும் அந்தப் பழத்தைக் காய் என்று சொல்லி உமது பேரப்பிள்ளைகள் போன முறை தொட மறுத்தார்கள். இரவுக் குளிர் பட்டால்தான் தோலின் பச்சையம் போய்ச் செம்மஞ்சள் வெளியே தெரியும். அந்தக் குளிருக்கு நாங்கள் எங்கே போவது?) பாதியாக வெட்டிய தேசிக்காயைத் தோடம்பழக் கூம்பில் வைத்து அழுத்தினால் தோல் கிழிந்து விரியுமே தவிர, உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் சுளை சரியாக நசியாது, பிடித்திருக்கும் விரல் நுனிகளும் சுழலும் கூம்பில் உரசும். ஆகவே எங்களுக்குத் தேவை இரண்டு கூம்புகள் உள்ள கருவி. சிறிய கூம்பு நிரந்தரமாக நிற்கும். தோடம்பழம் வந்தால் பெரியதை அதன்மேல் தொப்பியைப் போலக் கவிழ்த்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் நான் யோசித்துக் கண்டுபிடித்தேன் என்று நினைத்துவிடாதீர். காசு கொடுத்துப் படித்த பாடம். இரண்டு வருடங்களுக்கு முன் நகரத்துக் கடையொன்றில், பெட்டியின் மேலிருந்த படத்தை நம்பி ஒரு ஜூஸர் வாங்கினேன். அதற்கு ஒரே கூம்பு. சாறு இறங்கும் மூக்கில் தடுப்பு எதுவும் இல்லாததால், கிளாஸை எடுத்தபின்னும் சொட்டுச் சொட்டாக மேசையில் விழுந்துகொண்டே இருக்கும். தோடம்பழம் பிழிந்த நாட்களில் அரைமணி நேரத்துக்குள் எறும்புகள் வரிசைகட்டி வந்துவிடும். நாலாம் மாதம் உள்ளேயிருந்த பிளாஸ்டிக் பற்சக்கரத்தின் பல் தேய்ந்து, மோட்டர் உறும, கூம்பு அசையாமல் நின்றது. அதைத் திறந்து பார்த்ததில் எனக்குக் கிடைத்த அறிவு மட்டுமே மிச்சம்.

அந்த அறிவில் கொஞ்சம் உமக்கும் சொல்கிறேன். பெட்டியில் வாட் எண்ணைப் பெரிதாக அச்சடித்திருப்பார்கள். அதைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. இது பிளெண்டரைப் போல வெட்டி அடிக்கும் வேலை அல்ல. சிறிய மோட்டரின் வேகத்தைப் பற்சக்கரங்கள் குறைத்து, முறுக்கும் விசையைக் கூட்டித் தருகின்றன. 20 வாட்டிலேயே ஒழுங்காகப் பிழியும் கருவிகள் உண்டு. 70, 100 வாட் என்றால் கை சற்று அழுத்தினாலும் தயங்காது, அவ்வளவுதான். பழத்தை வைத்து அழுத்தினால் ஓடி, கையை எடுத்தால் நிற்க வேண்டும். மறுபடி அழுத்தும்போது கூம்பு எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் இன்னும் நல்லது, ஒரு பக்கம் தப்பிய சுளை மறுபக்கம் அகப்படும். மனைவியின் வலி அழுத்துவதால் வருவதன்று, திருகுவதால் வருவது என்று வைத்தியர் சொன்னார். திருகும் வேலையை மோட்டர் எடுத்துக்கொண்டால் தேசிக்காய்க்கு உள்ளங்கையின் பாரமே போதும். ஆகவே உமது நெம்புகோல் எங்களுக்கு மிகை. அந்தக் கை மேலே எழும்பும்போது தலைக்குமேல் இருக்கும் அலுமாரியில் இடிக்கும் என்பதை அளந்தும் பார்த்துவிட்டேன்.

அளவுக்கு மீறி அழுத்தினால் சாறு கசக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கசப்பு சுளையில் இல்லை. தோலிலும், அதன் கீழுள்ள வெள்ளைப் பஞ்சிலும், விதையிலும் இருக்கிறது. சில தோடம்பழச் சாறு பிழிந்த உடனே இனித்து, ஒரு மணித்தியாலம் வைத்திருந்தால் கசப்பதற்கும் அப்பஞ்சிலிருந்து வரும் லிமோனின் என்ற பொருளே காரணம். உரித்த பழத்தை விதையோடு பிளெண்டரில் போட்டு அடிக்கும் வீடுகளில் எனக்குச் சாறு தரும்போது நான் மரியாதைக்காகக் குடிப்பதன் இரகசியம் இதுதான்.

இனி எந்த உலோகம் என்ற கேள்வி. உவர்மலை என்ற பெயரிலேயே உவர் இருக்கிறது, சற்று வடக்கே போனால் உப்புவெளி; இங்கே பூட்டும் ஜன்னல் கம்பியும் படும் பாட்டை நீர் மறந்திருக்கமாட்டீர். மெல்லிய குரோம் பூச்சு முதல் மாதம் கண்ணாடியாகப் பளபளக்கும். பிறகு ஒரு புள்ளி, அப்புறம் பல புள்ளி. சாறு தொடும் கூம்பும் வடியும் துருப்பிடிக்காத எஃகாகவே இருக்க வேண்டும், பூச்சில்லாத அலுமினியத்தைப் புளிப்பு தின்னும். என் வீட்டு முற்றத்திலிருந்து துறைமுகத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்த உலோக விடயத்தில் ஒரு கதை நினைவுக்கு வரும். ஆங்கிலேயக் கடற்படை தன் மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு கொடுக்கத் தீர்மானித்தது 1795இல். ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்ததும் அதே 1795இல்தான். 1747இலேயே ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர், விற்றமின் சி குறைவால் வரும் ஸ்கேவி நோயால் பல்லீறு வீங்கிக் கிடந்தவர்களுள் இருவருக்குத் தோடம்பழமும் எலுமிச்சையும் கொடுத்துத் தேற்றிக் காட்டியிருந்தார். பின்னாளில் எலுமிச்சைக்குப் பதிலாகத் தேசிக்காய்ச் சாற்றுக்கு மாறினார்கள். தேசிக்காயில் விற்றமின் சி குறைவு. போதாக்குறைக்கு அந்தச் சாற்றைச் செப்புக் குழாய்களில் செலுத்தியதால் இருந்ததும் அழிந்தது. செம்பும் காற்றும் சேர்ந்தால் அந்த விற்றமின் நிற்காது. பித்தளை நிறத்தில் அழகாக மின்னும் கருவியொன்றைப் பேத்தி கைப்பேசியில் காட்டியபோது நான் தலையாட்டாததற்குக் காரணம் இதுவே. அவளோ தாத்தாவுக்கு ரசனை இல்லை என்று முடிவுகட்டிவிட்டாள்.

ரசனை எனக்கு இல்லாமல் இல்லை. அழகில்லாத கருவி அலுமாரிக்குள் போகும். அலுமாரிக்குள் போன கருவியை எடுப்பதற்குச் சோம்பி, வலிக்கும் விரலாலேயே மனைவி மறுபடி பிழியத் தொடங்குவார். எனவே அது மேசையில் எந்நேரமும் நிற்கத்தக்க அழகோடு இருக்க வேண்டும் என்பதை நான் வீண் ஆடம்பரமாக எண்ணவில்லை. தேடிப் பார்த்ததில் என் மனத்துக்குப் பிடித்தது, டீட்டர் ராம்ஸும் யூர்கன் கிரொய்பெலும் பிரவுன் நிறுவனத்துக்காக 1972இல் வடிவமைத்த வெள்ளை ஜூஸர். ஒரு கோடுகூட மிகையாக இல்லை. மூக்கை மேலே தூக்கினால் சொட்டு நின்றுவிடும். இத்தாலியின் ஸ்மெக் நிறுவனம் 1950களின் சாயலில், உருண்டு திரண்ட உடலோடு செய்வதும் கண்ணுக்கு இதம்தான். ஆனால் அதன் விலையில் பெரும்பகுதி அந்தச் சாயலுக்கே என்று தோன்றியது. எல்லாவற்றையும் தூக்கி அடிப்பது, மின்சாரமே இல்லாமல், பிலிப் ஸ்டார்க் 1990இல் அலெஸ்ஸி நிறுவனத்துக்கு வடிவமைத்த மூன்று கால் எலுமிச்சைபிழிவான். கணவாயைப் போல நிற்கும் அலுமினிய வார்ப்பு. அதற்குத் தங்க முலாம் பூசிய பதிப்பு ஒன்றையும் வெளியிட்டு, புளிப்புப் பட்டால் நிறம் கெடும், பிழியாதீர்கள் என்று எச்சரித்தார்கள். பிழியக்கூடாத பிழிவானைக் கேள்விப்பட்டு மனைவி சிரித்த சிரிப்பில் விரல் வலியையும் சற்று மறந்தார்.

முடிவாக நாங்கள் தெரிவுசெய்தது, மருமகன் கொழும்பில் பார்த்து வைத்திருக்கும் ஒன்று: எஃகுக் கூம்பு இரண்டு, எஃகு வடி, சொட்டுத் தடுப்புள்ள மூக்கு, எங்கள் உயரமான கிளாஸ் நேராக அடியில் நிற்கும் அளவுக்கு இடைவெளி, மேலே தூசிக்கு மூடி, சதுர முள் பிளக். நிறத்தில்தான் வழக்கு நடந்தது. அழுக்குத் தெரியாது என்று நான் கடும் பச்சையைச் சொன்னேன். தெரிந்தால்தானே துடைப்போம் என்று மனைவி வெள்ளையைச் சொன்னார். வெள்ளை வருகிறது. மோட்டர் உள்ள அடிப்பாகத்தைத் தண்ணீரில் முக்கக்கூடாது, வடியைச் சக்கை காயுமுன் கழுவ வேண்டும் என்ற இரண்டும் என் பொறுப்பு. கையால் பிழியும் பழைய மரத் திருகுகோலை வீசவில்லை. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததை யார் மறப்பது?

நீர் படத்தில் காட்டிய கருவியை உமது வீட்டுக்கே வாங்கிக்கொள்ளும். நாள்தோறும் பேரப்பிள்ளைகளுக்கு ஏழெட்டுத் தோடம்பழம் பிழியும் வீட்டுக்கு நெம்புகோல் பொருத்தமானதுதான். பாரமான அடி என்பதால் அசையாமலும் நிற்கும். வாங்குமுன் கூம்பு கழன்று வருகிறதா, மூக்குக்குள் விரல் விட்டுக் கழுவ இடமிருக்கிறதா என்று மட்டும் பாரும்.

மருமகளைக் கையை வீசிக்கொண்டு வரச் சொல்லும். வந்து இறங்கும் அன்று புதுக் கருவியில் பிழிந்த தேசிக்காய்த் தண்ணி அவருக்காகக் காத்திருக்கும். உப்புப் போடுவதா சீனி போடுவதா என்பதை முன்கூட்டி எழுதும்.

அன்புடன்,
உமது பழைய வாங்குத் தோழன்