'இட்ஸ் மீ' என்றால் பிழையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ஆங்கிலப் பிழைகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பாதி சரி. மீதி, அந்தக்கால வாத்தியார்களின் பூச்சாண்டி.

'ஹூ ஆர் யூ டாக்கிங் டு?' என்று 'டு' போன்ற முன்னிடைச் சொல்லில் (ப்ரெபொசிஷன்) வாக்கியத்தை முடிக்கக் கூடாதாம். 1672-இல் இதைக் குறையென்று சுட்டியவர் கவிஞர் ஜான் டிரைடன். நாடகாசிரியர் பென் ஜான்சனின் வரியில் குற்றம் கண்டவர், பின்னாளில் தம் கட்டுரையிலேயே அத்தகைய வாக்கியங்களைத் தேடிப்பிடித்து மாற்றினார். 1762-இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லௌத், சாதாரண எழுத்துக்கு இந்த நடை நன்றாகவே பொருந்தும் என்றார். இது ஆங்கிலத்தின் இயல்பு என்று சொல்லவந்த வாக்கியத்தையே 'இன்க்ளைன்ட் டு' என்று முடித்திருக்கிறார், குறும்புக்காரர்! 1926-இல் ஆங்கில நடைக்குக் கையேடு எழுதிய ஃபௌலர் இந்தத் தடையை மூடநம்பிக்கை என்றே எழுதிவிட்டார். நம் ஊர்க் கையேடுகள்தாம் இன்னும் விட்டபாடில்லை.

'இட்ஸ் மீ'யும் அப்படித்தான். அதற்குப் பதில் 'இட் இஸ் ஐ' என்று சொல்லச் சொல்வது லத்தீன் இலக்கணத்தை ஆங்கிலத்தின் தலையில் கட்டியது. கதவைத் தட்டிவிட்டு அப்படிச் சொன்னால் லண்டன்காரரே சிரிப்பார்.

'டிஸ்கஸ் அபவுட்' தவறு, வெறும் 'டிஸ்கஸ்' போதும் என்பதில் நான் கட்டுரையாளர் கட்சி. ஆனால் அதை அலட்சியம் என்று திட்டியிருப்பது நியாயமில்லை. 'அதைப் பற்றிப் பேசலாம்' என்று நினைக்கும் பையனுக்கு அந்தப் 'பற்றி'தான் 'அபவுட்' ஆகிறது. 'என் நண்பர் ஒருவர்' என்று ஒருமையில் சொல்லிப் பழகியவர் 'ஒன் ஆஃப் மை ஃபிரண்ட்' என்கிறார். அங்கே 'ஃபிரண்ட்ஸ்' வர வேண்டும். 'திஸ் மார்னிங்' என்பதற்குப் பதில் வரும் 'டுடே மார்னிங்' நம் 'இன்று காலை'யேதான். வகுப்பில் இரண்டு மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போட்டால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். சிவப்பு மையால் சுழித்தால் மதிப்பெண்தான் குறையும்.

குறித்த நாளுக்கு முன்பே நடத்துவதைச் சொல்லும் 'ப்ரீபோன்' என்றொரு சொல்லே கிடையாது என்பதும் சரியல்ல. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போகும் கடிதத்தில் தவிர்க்கலாம். நம் அலுவலக மீட்டிங்கைத் தாராளமாக ப்ரீபோன் செய்யலாம்.

அடுத்த வாரம் 'டூ தி நீட்ஃபுல்' ('ஆவன செய்க') வரப்போகிறது என்று அறிவித்திருக்கிறீர்கள். அது நம் குமாஸ்தாக்கள் இட்டுக்கட்டியதல்ல. பிரிட்டிஷ்காரர்கள் எழுதிவந்த தொடர். அங்கே ஏறக்குறைய வழக்கொழிந்து இங்கே தங்கிவிட்டது. பழைய நடை என்று போடுங்கள், பிழைப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
கும்பகோணம்.