எரிகிறது என்பதால் நல்ல விளக்காகிவிடுமா?

இணைய விற்பனைத் தளங்களை நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

வணக்கம். 'பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் காலம் முடிந்துவிட்டது' என்ற வரி உங்களுக்குப் புதிதல்ல. எழுதி வைத்ததே நீங்கள்தான். கடந்த மூன்று வாரங்களில் அது எனக்கு ஒன்பது முறை வந்துவிட்டது. அதனால்தான் இந்த மடல்.

உங்கள் தளத்தில் ஓர் அவசர விளக்கு வாங்கினேன். விலை குறைவுதான், மறைக்கவில்லை. மின்சாரம் போனால் 4 மணி நேரம் எரியும் என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தது. திருப்பித் தர 7 நாள் அவகாசம். அந்த 7 நாளும் மின்சாரம் போகவே இல்லை. 23ஆம் நாள் இரவு போனது. விளக்கு நான்கு நிமிடம் எரிந்து, மஞ்சளாகி, அணைந்தது. மீதி இரவுக்கு மெழுகுவர்த்தி.

மறுநாள் உங்கள் வாடிக்கையாளர் சேவையில் நடந்த உரையாடலை அப்படியே தருகிறேன்.

'மின்சாரத்தில் இணைத்தால் விளக்கு எரிகிறதா?'

'எரிகிறது. பிடுங்கினால் அணைந்துவிடுகிறது.'

'அப்படியானால் பொருள் வேலை செய்கிறது. வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?'

நான் பதில் எழுதி முடிப்பதற்குள் புகார் 'தீர்க்கப்பட்டது' என்று செய்தி வந்தது. மின்சாரம் இருக்கும்போது மட்டும் எரிகிற அவசர விளக்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று கேட்க ஆளில்லை.

மறுபடியும் புகார் செய்தேன். பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த காணொளி கேட்டார்கள். பழைய பேட்டரி காணொளியில் எப்படித் தெரியும்? பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். உள்ளே இருப்பது சிறிய ஈய அமில பேட்டரியாகத்தான் இருக்கும் என்றார். அது சார்ஜ் ஏற்றாமல் மாதக்கணக்கில் கிடங்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் இறுகிப் படிந்துவிடும், பிறகு எவ்வளவு நேரம் ஏற்றினாலும் பிடிக்காது என்றும் சொன்னார். திறந்து பார்த்தால் உறுதியாகச் சொல்லலாமாம். ஆனால் திருகாணியின் மேல் ஒட்டியிருந்த தாளில் 'முத்திரை கிழிந்தால் உத்தரவாதம் செல்லாது' என்று இருந்தது. கோளாறு தயாரிப்பிலேயே இருந்தது என்று நான் நிரூபிக்க வேண்டும். அதற்காகத் திறந்தால் உரிமை போய்விடும். யோசித்துத்தான் ஒட்டியிருக்கிறார்கள்.

6 மாத உத்தரவாத அட்டையும் பெட்டிக்குள் இருந்தது. அதில் முகவரி இல்லை. இருந்த ஒரே தொலைபேசி எண்ணை யாரும் எடுப்பதில்லை. விற்றவரின் பக்கம் உங்கள் தளத்திலிருந்து காணாமல் போய்விட்டது. அதே விளக்கு, அதே படம், அதே 4 மணி நேரம், இப்போது வேறொரு பெயரில் விற்பனையில் இருக்கிறது. கடைசியில் கிடைத்த ஒரு முகவரிக்கு என் செலவில் கூரியரில் அனுப்பச் சொன்னீர்கள். கூரியர்க் கட்டணம் விளக்கின் விலையைவிட அதிகம்.

என் கோரிக்கை ஒன்றுதான். 7 நாள் என்பது மனம் மாறித் திருப்பித் தருகிறவருக்கான அவகாசம். பழுதான பொருளுக்கு அதைக் காட்டிக் கைகழுவாதீர்கள். உத்தரவாதக் காலத்துக்குள் பழுதானால் உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு, மாற்றுப் பொருளோ பணமோ தாருங்கள். விற்றவரைக் காணோம் என்றால் அவருக்குக் கடை விரிக்க இடம் கொடுத்த நீங்கள் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விற்பனையிலும் உங்கள் பங்கை அன்றைக்கே எடுத்துக்கொள்கிறீர்களே.

இது நான் இட்டுக்கட்டிய நியாயமல்ல. ஐ.நா. பொதுச்சபை 1985இல் ஏற்று 2015இல் திருத்திய நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள், இணையத்தில் வாங்குகிறவருக்கான பாதுகாப்பு மற்ற வணிகத்தில் கிடைப்பதைவிடக் குறையக் கூடாது என்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் புதுப் பொருளுக்குக் குறைந்தது 2 ஆண்டு சட்டப்பூர்வ உத்தரவாதம் உண்டு. முதல் ஓராண்டுக்குள் வெளிப்படும் கோளாறு பொதுவாக, பொருள் கைக்கு வந்தபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று காட்டுவது விற்றவர் வேலை. மலிவான பொருளுக்கு இது பொருந்தாது என்று அங்கே யாரும் எழுதி வைக்கவில்லை.

'மலிவாக வாங்கினால் அப்படித்தான்' என்று வீட்டிலேயே சொல்கிறார்கள். விலை குறைந்தால் மினுமினுப்பு குறையட்டும், பிளாஸ்டிக் கொஞ்சம் மெலிதாக இருக்கட்டும். 4 மணி நேரம் என்று எழுதிவிட்டு 4 நிமிடம் தருவதற்கும் மலிவுக்கும் என்ன சம்பந்தம்? இவ்வளவு சின்ன தொகைக்கு யார் மல்லுக்கட்டப் போகிறார்கள் என்ற கணக்குதான் இதில் ஓடுகிறது. பெரும்பாலும் அந்தக் கணக்கு தப்புவதும் இல்லை.

இன்னொன்று. எப்போதோ ஒருமுறை நான் பார்த்துவிட்டு விட்ட செருப்பை உங்கள் செயலி மூன்று மாதமாக மறக்காமல் தினமும் காட்டுகிறது. புகார் எண்ணைச் சொன்னால் மட்டும் ஒவ்வொரு முறையும் 'உங்கள் பிரச்சினை என்ன?' என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. அவ்வளவு ஞாபக சக்தியும் செருப்புக்கே செலவாகிவிடுகிறது போலும்.

கோபத்தில் கொஞ்சம் விலகிப் போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது அதே ஒன்றுதான்: பழுதான பொருளை உத்தரவாதக் காலம் முழுவதும் உங்கள் செலவில் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கும் பெட்டியும் கிழியாத முத்திரையோடு அப்படியே இருக்கின்றன. ஆளை எப்போது அனுப்புவீர்கள் என்று தயவுசெய்து தெரிவியுங்கள். மின்சாரம் இருக்கும் நேரமாகப் பார்த்து அனுப்பினால் எரித்தும் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
'தீர்க்கப்பட்ட' புகார்க்காரர்களில் ஒருவன்