நம்ம முயல் பொம்மை சங்கத்தோட ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கமுங்க. போன வருசம் அறிக்கையே வாசிக்காம டீ குடிச்சுட்டுக் கலைஞ்சுட்டோம்னு பொருளாளர் அண்ணன் சொல்லிக்காட்டிட்டே இருக்காரு, அதனால எழுதியே கொண்டாந்துட்டேன். கணக்க அவரு சொல்லுவாரு, சந்தா பாக்கிக்காரங்க எந்திரிச்சுப் போயிராதீங்க.

இந்த வருசம் பேச்சே கரூர் அண்ணன் முயலப் பத்திதான். பெட்ஷீட் ஆர்டருக்கு பிராங்க்பர்ட் கண்காட்சி போனவரு அங்க பழைய சாமான் சந்தைல புடிச்சாராம். ஜெர்மனி பொம்மைக் கம்பெனி ஸ்டைஃப் செஞ்சதுன்னு அடிச்சுச் சொல்றாரு, நான் ஒத்துக்கல, அவங்க 1904ல இருந்து காதுல பட்டன் வெக்கறாங்க, இதுல பட்டனும் இல்ல, புடுங்குன ஓட்டையும் இல்ல. ஆனா துணி அசல் மொஹேருங்க. மொஹேர்னா முயல் முடின்னு நம்மாளுங்க ரெண்டு மாசம் சண்ட, அது அங்கோரா ஆட்டோட முடி, அங்கோரா கம்பளின்னு சொல்றதுதான் முயல் முடி, பேரு வெச்சவன் நம்மளக் கொழப்பறதுக்குன்னே வெச்சிருக்கான். கடைசில தையலோரம் ஒரு இழை எடுத்துப் பத்தவெச்சோம், தலமுடி கருகுன நாத்தம், அப்ப மிருக முடிதான். வெல்வெட்டு மாதிரி இருக்கற பருத்தித் துணி வெல்வெட்டீன்னா காயிதம் எரியற வாசம் வரும், நைலான்னா உருகி உருண்டையாயிரும். நூல் வாங்கறவங்களுக்கு இது பழசு, பொம்மைக்குப் பண்ணோணும்னுதான் யாருக்கும் தோணல.

என்ற வெல்வெட்டீன் முயல் போயிருச்சுங்க. லாண்டரில குடுத்தேன், கடை பேரு வேண்டாம், தண்ணில முக்கிட்டாங்க. உள்ள மரச்சுருள், ஊறிப்போயி காயவே இல்ல, பூசணம் வந்துருச்சு, துணி மேல இருந்த பூ முடியெல்லாம் படுத்துருச்சு. திருப்பூர் பனியன் வேஸ்ட்டத் திணிச்சரலாம்னாங்க, அப்பறம் அது தலகாணிங்க, முயலில்ல. பெருந்துறை அக்கா முயல் இங்கிலாந்துது, பிரிஞ்ச தையல்ல பாத்தா இலவம்பஞ்சு! கபோக்னு அங்க பேரு. கொட்டுனதுக்கு ஈடா போடி பஞ்சு வாங்கி ரொப்பினோம், எடை மாறவே இல்ல.

அந்துப்பூச்சி மொஹேரத்தான் திங்கும், பருத்தியத் தொடாது. கவர்ல இறுக்கிக் கட்டி ஃப்ரீசர்ல ஒரு வாரம் வெய்ங்க, ஆனா வீட்டுல சொல்லிட்டு வெய்ங்க, எங்க மாமியா தொறந்து பாத்துட்டு கறின்னு நெனச்சு வெளிய எடுத்து வெச்சுட்டாங்க.

அடுத்த வருசம் துணி ஆல்பம் ஒண்ணு போடலாமுங்க. கிழிஞ்ச வெல்வெட், நீள முடி வெச்ச பழைய ப்ளஷ் துணி எது இருந்தாலும் தூக்கிப் போடாம கொண்டாங்க, ஒரு சாண் போதும். தொவச்சு மட்டும் கொண்டாராதீங்க.