அந்த வசனத்தைச் சொன்னது எலிப்பாஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு ஆன்மிகப் பக்கத்தில் 'கர்த்தருடைய சிட்சை' (தேவன் தண்டித்துத் திருத்துவது) பற்றி வந்த கட்டுரை, "இதோ, தேவன் தண்டிக்கிற மனுஷன் பாக்கியவான்" என்ற யோபு 5:17-ஐ, நோய்ப்படுக்கையில் இருப்போருக்குத் தேவன் தந்த வாக்குத்தத்தம் என்று காட்டி முடிந்திருந்தது. வசனம் சரி, எண்ணும் சரி. ஆனால் பேசுவது தேவன் அல்ல, தேமானியனாகிய எலிப்பாஸ். ஏழு மகன்களையும் மூன்று மகள்களையும் பறிகொடுத்து, உடம்பெல்லாம் பருக்களோடு சாம்பலில் உட்கார்ந்திருந்த யோபுவைப் பார்த்துச் சொன்னது அது. அதே புத்தகத்தின் 42:7-ல் கர்த்தர் அந்த எலிப்பாசிடம், "உன்மேலும் உன் இரண்டு சிநேகிதர்மேலும் எனக்குக் கோபம் மூளுகிறது" என்கிறார். ஏழு காளைகளும் ஏழு ஆட்டுக்கடாக்களும் பலியிட வேண்டும். அதோடு, யார்மேல் பழி போட்டார்களோ அந்த யோபுவே அவர்களுக்காக ஜெபிக்க வேண்டும்.

எலிப்பாஸ் சொன்ன உபதேசம் தவறானதல்ல என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. நீதிமொழிகள் 3:11, "கர்த்தருடைய சிட்சையை அற்பமாக எண்ணாதே" என்று கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது. அவர் அதைக் கொண்டுபோய் இறக்கிய வாசல்தான் தவறு. யோபு 2:3-ல் 'முகாந்தரமில்லாமல்' என்று கர்த்தரே சொல்லிவிட்ட துன்பத்துக்கு அவர் காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

சிட்சை என்ற சொல்லும் நம்மைத் தடுமாற வைக்கிறது. வடமொழியிலிருந்து வந்த சொல். கற்பித்தல் என்பதும் அதன் பொருள். இசைக் கலைஞர்களிடம் 'யாரிடம் சிட்சை?' என்று கேட்டால், யாரிடம் அடி வாங்கினீர்கள் என்று அர்த்தமில்லை. ஆலய வழக்கில்தான் அது பிரம்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. சிட்சையைப் பற்றிப் பேசும் எபிரெயர் 12-ல் கிரேக்க மூலச்சொல் 'பைதேயா', ஒரு பிள்ளையை ஆளாக்கும் முழுப் பயிற்சி. இதே சொல் 2 தீமோத்தேயு 3:16-ல் வரும்போது நம் வேதாகமம் 'படிப்பிக்குதல்' என்கிறது. அடி அறவே இல்லை என்று பூசி மெழுகவும் முடியாது: லூக்கா 23:16-ல் பிலாத்து 'தண்டித்து' விடுவேன் என்பதும் இதன் வினைச்சொல்தான்.

நீதிமொழிகள் 3:12-ஐயும் அதை மேற்கோள் காட்டும் எபிரெயர் 12:6-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முன்னதில் "தகப்பன் தான் நேசிக்கிற புத்திரனைச் சிட்சிக்கிறதுபோல" என்றிருக்கிறது. பின்னதில் தகப்பனைக் காணோம். "எந்த மகனையும் தண்டிக்கிறார்" என்று வருகிறது. கிரேக்கத்தில் அது சாட்டையடியைக் குறிக்கும் வினை. அச்சுப்பிழை இல்லை. பழைய எபிரெய எழுத்தில் உயிர்க்குறிகள் கிடையாது. 'தகப்பனைப்போல' என்று படிக்கும் அதே மூன்று எழுத்துகளை வேறு உயிரோடு படித்தால் 'நோகப்பண்ணுதல்' ஆகும். நீதிமொழிகளைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் அப்படிப் படித்தார்கள், எபிரெயர் நிருபத்தை (கடிதத்தை) எழுதியவர் அந்தக் கிரேக்கத்தைக் கையாண்டார் என்பதே பொதுவாகத் தரப்படும் விளக்கம். சாட்டையை மட்டும் பிடித்துக்கொண்டு பிரசங்கிப்பவர்கள், அந்த எழுத்துகளிலேயே தகப்பனும் இருப்பதை மறக்கக் கூடாது.

அந்த நிருபத்தை முதலில் வாசித்தவர்கள் யார் என்பதும் முக்கியம். 10:32-34-ன்படி, விசுவாசத்தினிமித்தம் நிந்தை பட்டவர்கள், ஆஸ்தியைக் கொள்ளை கொடுத்தவர்கள். 12:4 பேசுவது இரத்தம் சிந்தும் அளவுக்கான எதிர்ப்பைப் பற்றி. புற்றுநோயைப் பற்றியோ, பிள்ளை இல்லாமையைப் பற்றியோ அந்த அதிகாரத்தில் ஒரு வரி இல்லை. "நான் நேசிக்கிறவர்களெவர்களோ அவர்களைக் கடிந்துகொண்டு சிட்சிக்கிறேன்" என்ற வெளிப்படுத்தல் 3:19 இன்னும் வேடிக்கை. அது, தனக்கு ஒரு குறையுமில்லை என்று சொல்லிக்கொண்ட லவோதிக்கேயா சபைக்குப் போன கடிதம். நாமோ அதை ஆஸ்பத்திரி வார்டில் வாசிக்கிறோம். வசதியான சபையின் ஸ்தோத்திர ஆராதனையில் அதைக் கேட்பது அபூர்வம்.

அப்படியானால் சிட்சையை ஏற்றுக்கொள்வது எப்படி? இரண்டு பக்கமும் வழுக்கும் என்று நீதிமொழிகள் 3:11 காட்டுகிறது: ஒன்று அற்பமாக எண்ணுவது, மற்றது சோர்ந்துபோவது. ஆவியானவர் உணர்த்தும்போது காரியம் துல்லியமாக இருக்கும். தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி பொத்தாம்பொதுவாகப் பேசவில்லை. தாவீது கொல்லவைத்த உரியாவின் பெயரையும், அவன் எந்தப் பட்டயத்தால் செத்தான் என்பதையும் சொன்னார். மனதில் அப்படி ஒரு குறிப்பான காரியம் எழுந்தால், அறிக்கையிட்டு, திருப்பிக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட வேண்டியதுதான். லேவியராகமம் 6:5 கணக்கும் தருகிறது: முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி. பத்தாயிரம் ஏமாற்றியவர் பன்னிரண்டாயிரம் கொடுக்க வேண்டும். காணிக்கைப் பெட்டியில் அல்ல, உரியவர் கையில். குறிப்பாக ஒன்றும் எழவில்லை, 'ஏதோ தப்பு செய்திருப்பேன்' என்ற பாரம் மட்டும் இருக்கிறது என்றால், தோண்டிக்கொண்டே இருப்பது சிட்சையை ஏற்பது ஆகாது. அதுதான் அந்தச் சோர்வு. அங்கே, கிறிஸ்துவுக்குள் இருப்பவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பு இல்லை என்ற ரோமர் 8:1 போதும்.

வியாதி ஒருபோதும் சிட்சையாக வராதா என்று கேட்பவர்கள் 1 கொரிந்தியர் 11:30-ஐக் காட்டுவார்கள். நியாயமான கேள்வி. கொரிந்துவில் சிலர் வியாதிப்பட்டதற்கும் இறந்ததற்கும் பவுல் காரணம் சொல்கிறார்: இல்லாதவர்கள் பசியோடிருக்க, இருப்பவர்கள் முந்திச் சாப்பிட்டு, திருவிருந்தையே அவமாக்கியது. ஆனால் அடுத்த வசனம் "நம்மை நாமே நிதானித்து அறிந்தால்" என்கிறது. பக்கத்துப் பெஞ்சில் இருப்பவரை நிதானிக்கச் சொல்லவில்லை. சங்கீதம் 119:71-ம் "நான் உபத்திரவப்பட்டது எனக்கு நல்லது" என்று தன்மையில் பேசுகிறது. 'உனக்கு நல்லது' என்று அதை முன்னிலைக்கு மாற்றும்போதுதான் எலிப்பாஸ் வந்துவிடுகிறார். பிறவிக் குருடனைப் பார்த்து 'யார் செய்த பாவம்' என்று கேட்ட சீஷர்களுக்கு யோவான் 9:3-ல் இயேசு தந்த பதில், அவனும் பாவம் செய்யவில்லை, அவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்பதே.

கட்டுரையில் 'சிட்சையிலிருந்து ஓடாதே' என்று ஒரு வரி இருந்தது. இதைக் கேட்டு மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. சாதாரணக் காசநோய்க்குக்கூட ஆறு மாதம் மருந்து எடுக்க வேண்டும். இருமல் நின்றதும் இரண்டாம் மாதமே விட்டால், கிருமி மருந்துக்குக் கட்டுப்படாமல் போகலாம். எசேக்கியா ராஜாவுக்குக் கர்த்தர் ஆயுள் கூட்டித் தந்தபோதும் பிளவைக்கு அத்திப்பழ அடை போடச் சொன்னார் ஏசாயா (2 இராஜாக்கள் 20:7). அதேபோல, கணவன் கையால் அடி வாங்கும் பெண்ணிடம் 'இது கர்த்தருடைய சிட்சை, பொறுத்துக்கொள்' என்பது அக்கிரமம். அதற்கு எபிரெயர் 12 எங்கும் இடம் கொடுக்கவில்லை.

நோயாளியைச் சந்திக்கப் போகிறவர்களுக்கு யாக்கோபு 5:14-16-ல் முறையே இருக்கிறது. வியாதிப்பட்டவர் வரவழைக்கிறார், மூப்பர்கள் போகிறார்கள், எண்ணெய் பூசி ஜெபிக்கிறார்கள். பாவத்தைப் பற்றி "அவன் பாவஞ்செய்தவனானால்" என்ற நிபந்தனை மட்டுமே. அடுத்த வசனம் குற்றங்களை 'ஒருவருக்கொருவர்' அறிக்கையிடச் சொல்கிறது, அதாவது பார்க்க வந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரும் சொல்ல வேண்டும். எபிரெயர் 12:13-ம் முடமாயிருப்பது 'பிசகிப்போகாமல் சொஸ்தமாகும்படிக்கு' வழியைச் செவ்வைப்படுத்தச் சொல்லியே அந்தப் பகுதியை முடிக்கிறது.

அக்கட்டுரையைத் தொகுப்பு நூலில் சேர்ப்பதாக இருந்தால், யோபு 5:17-க்குக் கீழே பேசியவர் பெயரையும், 42:7-ஐப் பார்க்க என்ற குறிப்பையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வேதபாட ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை